50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் ஊர்களில் ஒரே வீடியோ: கேமரா முறையை மாற்றுவதா, ஷட்டரை மட்டும் மாற்றுவதா?

கேமராவோடு ஜப்பான் போகிறவர்களுக்கு வேறு நாடுகளில் அதிகம் வராத ஒரு தொல்லை உண்டு. டோக்கியோவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. கியோட்டோவிலும் ஒசாகாவிலும் 60. டோக்கியோ 1895-இல் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. ஜெனரேட்டர்களை வாங்கியது. மறு ஆண்டு ஒசாகா அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கை நாடியது. அன்று விழுந்த பிளவு இன்றுவரை மாறவில்லை. தோராயமாக ஃபுஜி ஆறுதான் எல்லை. காலையில் டோக்கியோவில் எடுத்த அதே செட்டிங்கில் மாலையில் ஒசாகா கடைத்தெருவை எடுத்தால், படத்தில் கருப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடும்.

காரணம் தெரிந்ததுதான். விளக்கு ஒரு நொடிக்கு மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் போல் இரு மடங்கு துடிக்கிறது: 50-க்கு 100 முறை, 60-க்கு 120 முறை. கண் அதைக் கவனிப்பதில்லை, சென்சார் கவனித்துவிடுகிறது.

சமாளிக்க இரண்டு வழி. ஒன்று, ஊருக்கு ஏற்றபடி கேமராவின் முறையையே மாற்றுவது: டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸுக்கான பி.ஏ.எல்., நொடிக்கு 25 ஃபிரேம், ஒசாகாவில் 60 ஹெர்ட்ஸுக்கான என்.டி.எஸ்.சி., நொடிக்கு 30 ஃபிரேம். இன்னொன்று, பயணம் முழுக்க 30 ஃபிரேமிலேயே இருந்துகொண்டு ஷட்டரை (ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் விழும் நேரத்தை) மட்டும் டோக்கியோவில் 1/50 நொடி, ஒசாகாவில் 1/60 என மாற்றுவது. நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். மறுபடி போனாலும் அதையே செய்வேன்.

50 ஹெர்ட்ஸ் ஊரில் 25 ஃபிரேமில்தான் எடுக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் பட்டை வராமல் காப்பது ஃபிரேம் வேகம் அல்ல, ஷட்டர். சென்சார் படத்தை வரி வரியாகப் படிக்கிறது. ஒரு வரிக்கு 1/50 நொடி வெளிச்சம் கிடைத்தால், டோக்கியோ விளக்கின் இரண்டு முழுத் துடிப்புகள் அதில் அடங்கிவிடும். வரி எந்தக் கணத்தில் தொடங்கினாலும் அதே இரண்டுதான். 1/60 வைத்தால் ஒன்றேமுக்காலுக்கும் சற்றுக் குறைவான துடிப்பே கிடைக்கும். ஒரு வரிக்கு வெளிச்சம் கூடும், அடுத்ததற்குக் குறையும். பட்டை என்பது அதுதான். 30 ஃபிரேமுக்கு 1/50 வைத்தால் அசைவில் மங்கல் சற்றே கூடும். நடந்துகொண்டே எடுக்கும் காட்சிகளில் அதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

சரி, முறையை மாற்றினால்தான் என்ன? படம் எடுக்கும்போது பெரிய சிரமமில்லை. கேமராவை அணைத்துப் போட வேண்டியிருக்கும்; சில பழைய மாடல்கள் கார்டை ஃபார்மேட் செய்யவும் சொல்லும். உண்மையான விலையை எடிட்டிங் மேசையில்தான் கொடுக்கிறோம். 30 ஃபிரேம் டைம்லைனில் 25 ஃபிரேம் கிளிப்பைப் போட்டால், மென்பொருள் ஐந்து ஃபிரேமை ஆறாக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஐந்திலும் ஒன்றை இரண்டு முறை காட்டும். கோயில் கூரையை இடமிருந்து வலமாக மெதுவாகப் பிடித்த காட்சி நொடிக்கு ஐந்து தடவை தடுக்கித் தடுக்கிப் போகும். ஃபிரேம்களைக் கலக்கச் சொன்னால் நடப்பவர்களுக்கு இரட்டை உருவம் வரும். இடை ஃபிரேம்களை மென்பொருளே கணித்து உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோவில் போட்டால் தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பிகள் நெளியும். 25-ஐ 30-ஆக அப்படியே ஓட்டினால் எல்லாம் 20 சதவீதம் வேகமாகிவிடும், பேச்சு உட்பட. டைம்லைனை 25-ஆக வைத்தால் ஒசாகா காட்சிகளில் நொடிக்கு ஐந்து ஃபிரேம் உதிரும். தடுக்கல் அங்கே போய் உட்காரும். பட்டையைத் தவிர்க்கப் போய் பாதிப் படத்தில் தடுக்கலை வாங்கிக்கொள்வது எனக்கு ஏற்புடையதாகவே இல்லை. கூட வந்தவர்களின் போன் கிளிப்புகளும் பெரும்பாலும் 30 ஃபிரேமில்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வழியே சரி என்னும் இடங்களும் உண்டு. கோப்ரோ ஆக்‌ஷன் கேமராவில் ஷட்டர் ஃபிரேம் வேகத்தின் மடங்குகளாகத்தான் கிடைக்கும். 30 ஃபிரேமில் 1/50 என்ற தேர்வே இல்லை. அங்கே பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி. தேர்வுக்கு உரிய ஆன்டி-ஃபிளிக்கர் செட்டிங்கை 50-க்கு மாற்றுவதுதான் வழி. ஐபோனின் சொந்தக் கேமராவிலும் ஷட்டரைப் பூட்ட முடியாது. ஆனால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம், அதில் பூட்டலாம். அப்புறம் ஸ்லோமோஷன். டோக்கியோவில் 60 ஃபிரேம் வரை 1/100 வைத்துத் தப்பிக்கலாம். 120 ஃபிரேமில் ஷட்டர் 1/120-ஐவிட மெதுவாகப் போகாது என்பதால், டோக்கியோ விளக்கின் ஒரு முழுத் துடிப்புகூட அதில் அடங்காது. அதற்கு மட்டும் பி.ஏ.எல்.லுக்குப் போய் 100 ஃபிரேம், 1/100. எப்படியும் வேகத்தைக் குறைக்கப்போகும் கிளிப் என்பதால் எடிட்டிங்கிலும் உறுத்தாது.

எடுத்த பிறகு சரிசெய்வதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளின் டீஃபிளிக்கர் வசதியைச் சில கிளிப்புகளில்தான் போட்டுப் பார்த்தேன். கேமரா அசையாமல் நின்ற கிளிப் தேறியது. நடந்துகொண்டு எடுத்ததில் பட்டையின் சாயல் மிச்சமிருந்தது.

எல்.ஈ.டி. பலகைகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவை பெரும்பாலும் தங்கள் சொந்த வேகத்தில் துடிப்பவை, ஊர் மின்சாரத்தைச் சார்ந்தவை அல்ல. ரயிலின் ஊர்ப்பெயர்ப் பலகை வேகமான ஷட்டரில் பாதி எழுத்தாக வந்தால் 1/60-க்கோ 1/30-க்கோ இறங்கிப் பாருங்கள். ஒசாகாவின் டோடோன்போரி போல விளம்பரப் பலகைகள் நிறைந்த இடத்தில், சில நொடி எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த பிறகே மீதியை எடுங்கள்.