ஆட்டோகேட் 2006: விசைப்பலகையால் வரைபவர்களின் பார்வையில்

கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேட்டின் 2006 பதிப்பைப் பழைய கணினியில் இன்னும் வைத்து வரைபவர்கள், தட்டிய அளவு ஒன்றாகவும் கோடு போய் நின்ற இடம் வேறாகவும் இருப்பதைக் கண்டு விசைப்பலகையைச் சந்தேகிப்பதுண்டு. பெரும்பாலும் காரணம் அந்தப் பதிப்பில் அறிமுகமான டைனமிக் இன்புட் வசதிதான். அது இயங்கும்போது, இரண்டாவது புள்ளிக்கு 100,50 என்று கொடுத்தால், மென்பொருள் அதை ஆதிப்புள்ளியிலிருந்து (0,0) அளக்காமல் முந்தைய புள்ளியிலிருந்தே அளக்கிறது. எண்ணுக்கு முன்னால் # இட்டாலோ, எஃப்12 விசையால் வசதியை நிறுத்தினாலோ பழைய வழக்கம் திரும்பிவிடும். கர்சருக்கு அருகிலேயே அளவு தெரிவது வசதிதான். ஆனால் பழகிய கைகளின் வழக்கத்தை மாற்றியது எனக்கு உவப்பாக இல்லை.

தேர்ந்தெடுத்த பொருளை டெலீட் விசை அழிக்க மறுத்தால், பிக்ஃபர்ஸ்ட் (PICKFIRST) மாறியின், அதாவது பொருளை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுக் கட்டளை கொடுக்க அனுமதிக்கும் அமைப்பின், மதிப்பு 0 ஆகியிருக்கிறதா என்று பார்த்து 1 ஆக்க வேண்டும். கட்டளைகளைத் தட்டும் கட்டளை வரி மறைந்துபோனால் கண்ட்ரோலும் 9-உம் சேர்த்து அழுத்தினால் வந்துவிடும். விண்டோஸில் தமிழ் உள்ளீடு இயங்கிக்கொண்டிருந்தால் ஆங்கில எழுத்தில் தட்டும் எந்தச் சுருக்கக் கட்டளையையும் மென்பொருள் ஏற்காது என்பதால் (நம்மவர்களுக்கே உரிய தொல்லை இது), வேறெதையும் மாற்றுவதற்கு முன் அதைச் சரிபார்ப்பது நல்லது.