பத்து சென்ட் பழைய வீடு: எட்டு ஃபிளாட்டா, ரூம் வாடகையா, ரெண்டு தனி வீடா?

கோயம்புத்தூரில் சாய்பாபா காலனி, கே.கே.புதூர், வேலாண்டிபாளையம் பக்கம் இப்போது எந்த வீதிக்குள் நுழைந்தாலும் ஒரு பழைய வீடாவது இடிபட்டுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் ஒரே மாதிரியான இடம்தான். பத்து சென்ட், 66-க்கு 66, நடுவில் ஓட்டு வீடோ தார்சு வீடோ, முன்னால் ஒரு வேம்பு, பின்னால் ரெண்டு தென்னை. கட்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் பெங்களூரில், மகள் திருப்பூரில். அம்மாவால் தனியாக அவ்வளவு பெரிய வாசலைக் கூட்டிப் பெருக்க முடியவில்லை.

நான் வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பவன். இடத்துக்காரர்களும் என்னிடம் வருவார்கள், அவர்களை எதிர்த்து மனு எழுதப் போகும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வருவார்கள். இப்படியான இடத்துக்கு நடைமுறையில் மூன்று வழிதான். பில்டரோடு சேர்ந்து எட்டு ஃபிளாட், சொந்தமாக மாடி மேல் மாடி எடுத்து ரூம்களாக வாடகைக்கு விடுவது, ஐந்து ஐந்து சென்டாகப் பிரித்து ரெண்டு தனி வீடு. மூன்றில் எதை வீதி எதிர்க்கிறது, எது வீதிக்கு உண்மையில் பாரம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

முதலில் ஃபிளாட். மனு பறப்பது இதற்குத்தான். ஏன் எப்போதும் எட்டு? 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிப்படி, சாதாரண உயரக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது மனைப் பரப்பைப்போல ரெண்டு மடங்கு கட்டலாம். பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. அப்படியானால் 8,712 சதுர அடி கட்டலாம். ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது கீழே தூண்களை மட்டும் நிறுத்திக் காருக்கு விடும் தளம், அந்தக் கணக்கில் வராது. எட்டாகப் பிரித்தால் வீட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி, ரெண்டு பெட்ரூம், இந்த ஏரியாவில் சுலபமாக விற்கிற அளவு. இன்னொரு காரணம் ரெரா, வீடு வாங்குகிறவரைக் காக்க வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட இடம், எட்டு வீட்டுக்கு மேல் போகாத கட்டடம் என்றால் ரெரா பதிவு தேவையில்லை. பத்து சென்ட் 405 சதுர மீட்டர்தான். ஆக இடம், வீடு இரண்டு கணக்கிலும் கோட்டுக்கு உள்ளேயே நிற்கலாம். பில்டருக்கு இது சௌகரியம். வாங்குகிறவருக்கு அல்ல, ஏதாவது தகராறு என்றால் ரெரா வாசலுக்குப் போக முடியாது, சிவில் கோர்ட்டோ நுகர்வோர் கோர்ட்டோதான்.

கட்டுகிற செலவு பில்டருடையது, அதற்கு அவருக்குப் பாதி; இடத்துக்காரருக்குப் பணம் போடாமல் எட்டில் நாலு வீடு கிடைக்கிறது. வருமான வரியிலும் ஒரு நன்மை. 2017-ல் சேர்த்த பிரிவுப்படி, பதிவு செய்த கூட்டு ஒப்பந்தம் இருந்தால், மூலதன ஆதாய வரி பணி நிறைவுச் சான்று வரும் வருஷத்தில்தான். ஒப்பந்தம் போட்ட அன்றே பணமில்லாமல் வரி கட்டுகிற தொல்லை இல்லை.

எதிர்க்கிறவர்கள் சொல்வது என்ன? "ஏனுங்க, எட்டு வீட்டுக்கு எட்டு காரு, ரெண்டு ரெண்டு வண்டி. எங்கீங்க நிறுத்துவாங்க?" என்பது முதல் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. அடுத்தது வெயிலும் காற்றும். தெற்கே மூன்று மாடி எழும்பினால் மார்கழியில் துணி காயாது என்பது உண்மைதான். ஆனால் சட்டத்தில் இதற்குப் பிடிமானம் குறைவு. அடுத்தவர் இடத்தின் மேல் நமக்குள்ள அனுபவ உரிமைகளைச் சொல்லும் 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டப்படி இருபது வருஷம் இடையூறில்லாமல் ஒரு ஜன்னல் வழியாக வெளிச்சம் வாங்கியிருக்க வேண்டும், அந்த ஜன்னலுக்குக் கணிசமான நஷ்டம் என்றும் காட்ட வேண்டும். மொட்டை மாடித் துணிக்கொடிக்கு அது பொருந்தாது. மூன்றாவது காரணம் யாரும் எழுதுவதில்லை: யார் எவர் என்று தெரியாத வெளியாட்கள் வருவார்கள், கறி மீன் சமைப்பார்கள், நம்மவர்களாக இருக்க மாட்டார்கள். மனுவில் இதை எழுத முடியாது, அதனால் 'குடிநீர்ப் பற்றாக்குறை' என்று எழுதுகிறார்கள்.

சரி, தண்ணீரையே கணக்குப் பார்ப்போம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர். எட்டு வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 4,320 லிட்டர். பழைய வீட்டில் அஞ்சு பேர் இருந்த காலத்தில் 675. ஆறு மடங்குக்கு மேல் ஏறுகிறது, பயப்படுவதில் தப்பில்லை. சிறுவாணித் தண்ணி வருகிற நாளில் குழாயில் வேகம் குறையும், உப்புத்தண்ணிக்கு ஆயிரம் அடி போர் போடுவார்கள். வாஸ்துப்படி எல்லாரும் ஈசானி மூலையிலேயே போர் போடுகிறார்கள், பாறைக்கு வாஸ்து தெரியாது என்பது வேறு விஷயம்.

இப்போது இரண்டாவது வழி. இதற்கு யாரும் மனு கொடுத்து நான் பார்த்ததில்லை. கட்டுவது நம் வீதி ஆள், நேற்று வரை பால் கணக்கு ஒன்றாக வைத்திருந்தவர். அதுவும் ஒரே நாளில் எழும்பாது. முதலில் மேலே ஒரு மாடி, 'பையனுக்கு' என்று. பிறகு நாலு ரூம். பிறகு அதற்கு மேல் தகர ஷீட். பக்கத்தில் ஆஸ்பத்திரி, கோச்சிங் சென்டர், கடை என்று எல்லாம் இருப்பதால் ரூம் காலியாக நிற்பதில்லை. பன்னிரண்டு ரூம், ரூமுக்கு மூன்று பேர் என்றால் 36 பேர். அதே 135 லிட்டர் கணக்கில் 4,860 லிட்டர், எட்டு ஃபிளாட்டைவிட அதிகம். கார் குறைவுதான், ஆனால் முப்பது டூவீலர் வீதியில் நிற்கும். ஸ்டில்ட் கிடையாது, ஏனென்றால் கீழ்த்தளமும் ரூம்தான். செப்டிக் டேங்க் அஞ்சு பேருக்குக் கட்டியது அப்படியே இருக்கும், அடிக்கடி காலையில் லாரி வந்து ஹோஸ் போடும்போது வீதி முழுக்க மூக்கைப் பிடிக்கும். பெண்கள் விடுதி என்றால் 2014 சட்டப்படி கலெக்டர் உரிமம் வேண்டும். ஆண்கள் ரூம் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது. பிளானில் 'குடியிருப்பு' என்றுதான் இருக்கும்.

இடத்துக்காரருக்கு மாதாமாதம் கையில் காசு, யாரிடமும் பவர் எழுதிக் கொடுக்க வேண்டாம், நிலம் முழுசாகத் தன் பெயரிலேயே நிற்கும். ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. வீதியின் பக்கமிருந்து பார்த்தால், மூன்றில் மோசமானது இதுதான். ஃபிளாட்டுக்கு எதிராகப் பத்து கையெழுத்து வாங்கியவர் வீட்டு மாடியிலேயே ஆறு ரூம் இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

ரெண்டு தனி வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை இதற்கென்றே அளவெடுத்த மாதிரி. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், கீழ்த்தளமும் முதல் தளமும். அஞ்சு சென்ட் 2,178 சதுர அடி, அழகாக அடங்கிவிடும். ஆனால் உட்பிரிவுக்கு முதலில் முறையாக ஒப்புதல் வாங்க வேண்டும், அண்ணன் தங்கை பாகப்பிரிவினை போட்டுவிட்டாலே போதும் என்று நினைக்கிறார்கள். வீதி இதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். பணம் முழுக்கச் சொந்தக் கையிலிருந்து. ஊர் என்று பார்த்தால் எட்டுக் குடும்பம் இருக்கக்கூடிய இடத்தில் ரெண்டு; மிச்ச ஆறும் வடவள்ளி தாண்டி, தொண்டாமுத்தூர் ரோட்டில் தோட்டத்தைச் சைட் போட்ட இடத்துக்குப் போய், தினம் காரில் இங்கே வேலைக்கு வரும்.

மூன்றுக்கும் பொதுவான, யாரும் சண்டை போடாத ஒரு குற்றம் உண்டு: கேட்டுக்கு வெளியே போடும் சாய்தளம். கட்டடத்தை ரோட்டைவிட ரெண்டடி உயர்த்திவிட்டு, கார் ஏற மழைநீர் வடிகாலின் மேல் கான்கிரீட் ஊற்றி, டைல்ஸும் ஒட்டிவிடுகிறார்கள். பத்தடி நீளத்துக்கு வடிகால் மூடிப்போகும். தூய்மைப் பணியாளர் இந்தப் பக்கமிருந்து கம்பியை விட்டால் பாதி தூரம்தான் போகும், அந்தப் பக்கமிருந்து விட்டாலும் பாதிதான். நடுவில் தேங்காய் மட்டையும் பாலித்தீனும் அடைத்து, ஐப்பசி மழையில் ரோடு ஆறாகி, உயர்த்தாத பழைய வீட்டின் வாசலுக்குள் போகும். அதாவது எதிர்ப்புத் தெரிவித்த அதே பக்கத்து வீட்டுக்குள். மழைநீர்த் தொட்டி 2003-லிருந்து கட்டாயம். பிளானில் வட்டம் போட்டிருக்கும், தரையில் தேடினால் டைல்ஸ்தான் இருக்கும்.

மனு கொடுக்கிறவர்களுக்கு ஒன்று. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்தாலும், மாநகராட்சியில் கொடுத்தாலும் அதிகாரி செய்வது ஒன்றுதான். ஒப்புதல் பெற்ற பிளானை எடுத்துவந்து டேப் பிடித்து அளப்பார். பிளான்படி இருந்தால் 'எட்டு வீடு வேண்டாம்' என்பதற்குப் பதில் கிடையாது. பக்கவாட்டு இடைவெளியை விழுங்கியிருந்தாலோ, காட்டாத ஒரு தளம் எழும்பினாலோ 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் நோட்டீஸ், சீல் எல்லாம் நடக்கும். அதனால் கோபத்தை மாடி எண்ணிக்கையில் செலவழிக்காமல், பூமி பூஜைக்கு முன்னாடியே போய் உட்கார்ந்து பேசுவது மேல். சாய்தளம் கேட்டுக்கு உள்ளேதான், சம்ப் ரெண்டு நாள் தண்ணி பிடிக்கிற அளவு, கட்டும்போது மணலும் ஜல்லியும் வீதியில் கொட்டுவதில்லை, ராத்திரி கான்கிரீட் வேலை இல்லை. எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். பூஜை போடுகிற நேரத்தில் எந்த பில்டருக்கும் வம்பு வேண்டாம், ஒத்துக்கொள்வார்.

நீங்கள் எதைச் சொல்வீர்கள் என்று கேட்டால், இருபது அடிக்குக் குறைவான சந்தில் ரெண்டு தனி வீடு. குப்பை வண்டியும் ஆம்புலன்ஸும் வளைய வேண்டுமே. இருபத்திநாலு அடியும் அதற்கு மேலும் உள்ள வீதியில் ஃபிளாட், ஆனால் எட்டல்ல, ஏழு. ஸ்டில்ட்டில் தூண், லிஃப்ட், படிக்கட்டு, சம்ப் மூடி எல்லாம் போக எட்டாவது கார் எப்போதும் இன்னொரு காருக்குப் பின்னால்தான் நிற்கும். முன்னால் நிற்கிற காரின் சொந்தக்காரர் காலை ஏழு மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போயிருப்பார், எட்டாவது காரர் அடுத்த நாளிலிருந்து வீதியில் நிறுத்தத் தொடங்குவார், அங்கேதான் முதல் சண்டை. ஏழு என்றால் பாதிப் பாதி பிரியாது என்று பில்டர் முனகுவார். இடத்துக்காரர் மூன்று வீடும் அரை வீட்டுக்கான ரொக்கமும் வாங்கிக்கொண்டால் அதுவும் தீர்ந்தது.