முழு அலுமாரியா, கழற்றிப் பூட்டுவதா, வீட்டிலேயே செய்விப்பதா?

அறையை மட்டும் அளந்துவிட்டு அலுமாரி வாங்கினால், லொறி வாசலில் வந்து நின்றபிறகுதான் சிக்கல் தெரியும். தெருவிலிருந்து அறைவரை மிக ஒடுங்கிய இடம் எதுவோ, அதை வைத்தே தெரிவு செய்யவேண்டும்.

6½ அடி உயரம், 4 அடி அகலம், 2 அடி ஆழமுள்ள தேக்கு அலுமாரியை எடுத்துக்கொள்வோம். முழுதாகப் பொருத்தியது ஆட்டம் காணாது, நீண்டகாலம் உழைக்கும். ஆனால் வழி விடவேண்டுமே! நிலையின் வெளி அளவு உதவாது. கதவை முழுதாகத் திறந்து, கதவுப் பலகையிலிருந்து எதிர் நிலைக்கால்வரை அளவிடுங்கள். கைபிடி துருத்தினால் அதையும் கழியுங்கள். ஓரிரு அங்குலம்தான் இடிக்கிறதென்றால் பிணைச்சலோடு கதவைக் கழற்றிவிடலாம்.

நடைவழித் திருப்பம்தான் பலரையும் ஏமாற்றுவது. திருப்பத்தின் இரு பக்கமும் 3 அடி அகலமுள்ள நடையில், 2 அடி ஆழமான சாமான் சுமார் 54 அங்குல நீளம்வரைதான் திரும்பும். ஆகவே 4 அடி அலுமாரியை நிமிர்த்தியபடி கொண்டுபோகலாம். 5 அடி அலுமாரி சிக்கிவிடும். அந்த 4 அடி அலுமாரியையே படுக்கவைத்துத் தூக்கினால் நீளம் 78 அங்குலம், எந்தப் பக்கம் சரித்தாலும் திரும்பாது. படுக்கையாகவே அறைக்குள் போய்விட்டாலும், நிமிர்த்தும்போது மூலைக்கு மூலை 82 அங்குலம் வரும். கூரை உயரம் போதும், மின்விசிறியும் விட்டமும் இடிக்கும்.

திருகோணமலையின் உவர்மலை போல வீதியிலிருந்து படியேறும் வீடுகளுக்கும், திருப்பமுள்ள மாடிப்படிக்கும் கழற்றிப் பூட்டுவதே நல்லது. பலகை பலகையாக ஏறிவிடும். ஆனால் தரையில் கிடத்திப் பூட்டி நிமிர்த்தும் வகையென்றால் அதே 82 அங்குலம் இங்கும் வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். மரத்துகளை அழுத்திச் செய்த சிப்போட் பலகையை இரண்டாம் முறை கழற்றினால் ஆணி பிடிக்காது. கார்த்திகை, மார்கழி மழையில் தரை ஈரம் ஏறி அடிப்பலகை ஊதும், கடற்காற்றில் சாதாரணப் பிணைச்சல் துருப்பிடிக்கும். கால் வைத்ததாக, துருவேறா உருக்குப் பிணைச்சலோடு கேளுங்கள். வசதியிருந்தால் அடி, உடல், முடி என மூன்று துண்டாகப் பிரியும் மர அலுமாரியே மாடிக்கு எங்கள் தெரிவு.

தச்சரைக் கூப்பிடுவது கோணல் சுவருக்கு மட்டும். தரை, இடுப்பு, மேல்மட்டம் மூன்றிலும் அகலம் அளந்து, சிறியதை எடுத்து அரை அங்குலம் குறையுங்கள். மூலையில் ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வரவேண்டும். வராவிட்டால் மூலை சதுரமில்லை. காயாத மரம் பின்னர் சுருங்கி, கதவு இழுபடும். வீடு மாறும்போது அப்படிச் செய்வித்த அலுமாரி வாசலால் வெளியே வராது என்பதையும் யோசியுங்கள்.

கடைக்காரர் சொல்லும் உயரத்தில் முடி அலங்காரமும் காலும் பெரும்பாலும் சேராது. முற்பணம் கட்டுமுன் வெளி அளவு மூன்றையும் ரசீதில் எழுதுவியுங்கள்.