போர்ட்டல் கட்டக் கற்க எந்தப் புத்தகம்: செய்முறை நூலா, தடித்த கையேடா?

சாதாரண வெப்சைட்டுக்கு யார் வந்தாலும் ஒரே பக்கம்தான் தெரியும். போர்ட்டல் அப்படி இல்லை. மாணவர் லாகின் செய்தால் ஒரு திரை, ஆசிரியருக்கு வேறு திரை, அட்மினுக்கு இன்னொன்று. யார் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்பதில்தான் போர்ட்டலின் பாதி வேலை அடங்கியிருக்கிறது. புத்தகம் தேடுகிற பலர் இதை விட்டுவிட்டு எந்த மொழி, எந்த ஃபிரேம்வொர்க் (அடிப்படை வசதிகளைத் தயாராகத் தரும் நிரல் தொகுப்பு), எத்தனை பக்கம் என்று பார்த்து வாங்கிவிடுகிறார்கள்.

கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, முதல் அத்தியாயத்தில் தொடங்கி கடைசி வரை ஒரே போர்ட்டலைக் கட்டிக்கொண்டே போகும் செய்முறை நூல். இன்னொன்று, ஹெச்டிஎம்எல், டேட்டாபேஸ், செஷன் (லாகின் செய்தவரைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைக்கும் முறை), பாதுகாப்பு என்று தலைப்பு வாரியாக விளக்கும் தடித்த கையேடு. காசில்லாமல் கிடைக்கும் அதிகாரபூர்வ ஆவணங்கள் மூன்றாவது போட்டியாளர்.

செய்முறை நூலின் பலம், வேலை எந்த வரிசையில் வரும் என்பதைக் காட்டுவது. மூன்றாவது அத்தியாயத்தில் போட்ட டேட்டாபேஸ் டேபிள் ஒன்பதாவது அத்தியாயத்தில் போதாமல் போகும். ஏற்கெனவே உள்ள தரவு கெடாமல் அதில் ஒரு புதிய நெடுவரிசை (column) சேர்க்க வேண்டியிருக்கும். உண்மையான வேலையில் இது அடிக்கடி நடக்கும். நல்ல செய்முறை நூல் இந்தச் சிக்கலை வேண்டுமென்றே வரவழைத்துத் தீர்த்துக் காட்டும். சுமாரான நூல் எல்லாவற்றையும் முதலிலேயே சரியாக அமைத்துத் தந்துவிடும். அதைப் பார்த்து டைப் செய்தால் எல்லாம் ஓடும், ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு வேறொரு போர்ட்டல் செய்யச் சொன்னால் கை ஓடாது.

இந்த ரக நூலை எடைபோட நான் முதலில் புரட்டுவது லாகின் அத்தியாயத்தைத்தான். ஒருவர் தன் விண்ணப்பத்தைப் பார்க்கும் பக்கத்தின் முகவரி 57 என்ற எண்ணில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் அதை 58 என்று மாற்றி என்டர் தட்டினால் என்ன ஆகும்? லாகின் செய்திருக்கிறாரா என்று மட்டும் நிரல் சோதித்தால் அடுத்தவருடைய விண்ணப்பம் அப்படியே திறந்துவிடும். அந்த 58 இவருடையதுதானா என்பதையும் டேட்டாபேஸில் தரவைத் தேடும் கட்டளையிலேயே (query) சேர்த்துச் சோதிக்க வேண்டும். கூடுதலாக ஒரே ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லாமல் ‘லாகின் தயார்’ என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும் புத்தகங்கள் உண்டு. இணையப் பாதுகாப்புக் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் பட்டியலில் இந்த அனுமதிக் கோளாறு 2017-இல் ஐந்தாம் இடத்தில் இருந்தது, 2021-இல் முதலிடத்துக்கு வந்துவிட்டது. போர்ட்டல் கற்றுத்தரும் நூல் இதைத் தொடவில்லை என்றால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

சரி, கையேட்டுக்கு வருவோம். ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் இதுதான் கைகொடுக்கும். லாகின் ஆனவுடன், பிரவுசரை அடையாளம் காண உதவும் செஷன் ஐடியைப் புதிதாக மாற்ற வேண்டும். இல்லையென்றால், தனக்குத் தெரிந்த ஒரு ஐடியை முன்கூட்டியே அடுத்தவர் பிரவுசரில் திணித்தவன், அவர் லாகின் செய்ததும் அவர் பெயரில் உள்ளே நுழைந்துவிடலாம். பைத்தான் மொழிக்கான ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் எழுதினால் அதன் லாகின் வசதியே ஐடியை மாற்றிவிடும், செய்முறை நூல் இதைச் சொல்லாமலே நகர்ந்துவிடலாம். ஃபிரேம்வொர்க் இல்லாமல் வெறும் பிஎச்பி மொழியில் எழுதுகிறவர் அந்த ஒரு வரியைத் தானே போட வேண்டும். காரணம் தெரியாதவர் போட மாட்டார்.

கையேட்டின் பலவீனமும் வெளிப்படையானது. முந்நூறு பக்கம் படித்த பிறகும் திரையில் காட்ட ஒன்றும் இருக்காது. டேட்டாபேஸ் ஓரிடத்தில், செஷன் வேறிடத்தில். இரண்டையும் கோப்பது வாசகர் பொறுப்பு. ஏற்கெனவே நிரல் எழுதிப் பழகியவர் கோத்துவிடுவார். புதியவர் பாதியில் விட்டுவிடுவார்.

சீக்கிரம் பழசாகாமல் இருப்பதில் கையேடுதான் ஜெயிக்கிறது. எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மொழி), குக்கீ (பிரவுசரில் தங்கும் சிறு குறிப்பு), பாஸ்வேர்டை ஹேஷ் செய்து (திரும்பப் பெற முடியாத வடிவில் மாற்றி) வைப்பது போன்றவற்றின் அடிப்படை மெதுவாகத்தான் மாறும். செய்முறை நூல் ஒரு குறிப்பிட்ட பதிப்போடு கட்டிப்போடப்பட்டது. பிஎச்பியில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசும் பழைய ஃபங்ஷன்களைக் கைவிடப்போவதாக 2013-இல் 5.5 பதிப்பிலேயே எச்சரித்தார்கள், 2015 டிசம்பரில் வந்த 7.0-இல் அவை அடியோடு போயின. அவற்றை வைத்து எழுதிய நூலின் நிரல் இன்று ஓடாது. ஜாங்கோவிலும் இப்படித்தான்: ‘லாகவுட்’ என்று ஒரு சாதாரண லிங்க் போட்டால் போதும் என்று பழைய நூல்கள் காட்டும். 2023 டிசம்பரில் வந்த 5.0-க்குப் பிறகு அந்த லிங்கைத் தட்டினால் 405 என்ற பிழைதான் வரும். லிங்குக்குப் பதில் ஃபாரம் வைத்து, போஸ்ட் (தரவு அனுப்பும் வகைக் கோரிக்கை) முறையில் அனுப்ப வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் புதியவருக்கு ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

அப்புறம், அட்டையில் ‘போர்ட்டல்’ என்று போட்டிருக்கும் பழைய ஜாவா நூல்களைப் பார்த்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அவற்றில் பல, 2003-இலும் 2008-இலும் தரப்படுத்தப்பட்ட போர்ட்லெட் முறையை (ஒரே பக்கத்தில் பல சிறு செயலிகளைக் கட்டங்களாக அடுக்குவது) பற்றியவை. ஜாவாவின் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கே 2017-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் போர்ட்லெட் ஆதரவை நீக்கிவிட்டது. அப்படிப்பட்ட அமைப்பில் வேலை செய்யப்போகிறவர் தவிர மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

அதிகாரபூர்வ ஆவணங்கள் எப்போதும் நடப்புப் பதிப்புக்குப் பொருந்தும், அது பெரிய வசதி. ஜாங்கோவின் பயிற்சி எட்டுப் பகுதிகளில் ஒரு வாக்கெடுப்புச் செயலியைக் கட்டுகிறது. இரண்டு பேர் ஒரே நொடியில் வாக்களித்தால் எண்ணிக்கை தப்பாகாமல் இருப்பதுவரை அதில் உண்டு, நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் எழுதவும் சொல்லித்தருகிறது. ஆனால் வாக்களிப்பவர் லாகின் செய்வதில்லை, ஆளுக்கேற்ற அனுமதிகளும் இல்லை. போர்ட்டல் தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே பயிற்சி முடிந்துவிடுகிறது.

ஆகவே புதியவருக்கு என் ஓட்டு செய்முறை நூலுக்கே, அந்த 58 சோதனையில் தேறினால் மட்டும். பதிப்பு வித்தியாசத்தால் இடறும்போது பக்கத்தில் அதிகாரபூர்வ ஆவணம் திறந்திருக்கட்டும். ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர் நேராகக் கையேட்டை எடுக்கலாம், அவருக்குத் தேவையான நாலைந்து அத்தியாயங்களைப் படித்தால் போதும்.

வாங்குமுன் மாதிரிப் பக்கங்கள் கிடைத்தால் முதல் அத்தியாயத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள், இன்ஸ்டால் செய்வது எல்லா நூலிலும் ஒன்றுதான். ஃபைல் அப்லோட் பகுதியைத் தேடுங்கள். அளவையும் வகையையும் சோதிக்கச் சொல்கிறதா, வந்த ஃபைலை நேரடியாக முகவரி தட்டித் திறக்க முடியாத இடத்தில் வைக்கச் சொல்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு மறந்தவருக்கு அனுப்பும் லிங்க் எவ்வளவு நேரம் செல்லும் என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும்.