மெத்தை நன்றாக இருக்கிறது, கதவைத்தான் மூடுகிறார்கள்

சென்னையின் மேற்குப் புறநகரில் என் மகள் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் சென்டரைப் பற்றி எழுதச் சொல்லி சிலர் கேட்டிருந்தீர்கள். குறையும் எழுதப்போகிறேன், அதனால் பெயரைப் போடவில்லை, அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். மகளுக்கு ஒன்பது வயது, கோடை முகாமில் ஆரம்பித்து இப்போது போட்டி பேட்ச்சில் இருக்கிறாள்.

இடம் ஒரு பழைய குடோன். தகரக் கூரை, மே மாதம் உள்ளே போனால் இட்லிப் பானைதான். கை வியர்த்து பார்ஸில் (தொங்கிச் சுழலும் கம்பிகளில்) பிடி வழுக்குகிறது என்று வெயில் காலத்தில் பார்ஸ் பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு மாற்றிவிடுகிறார்கள், நல்ல முடிவுதான், தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் கிளப்புவது யார் என்று மட்டும் கேட்காதீர்கள். பார்க்கிங் கிடையாது, பாத்ரூம் சுமார். காசையெல்லாம் கருவிகளில் போட்டிருக்கிறார்கள். மெத்தைகளில் கிழிசல் இல்லை, விழுந்தால் அடிபடாமலிருக்க ஸ்பாஞ்ச் துண்டுகள் நிரப்பிய குழி (ஃபோம் பிட்) இருக்கிறது, ஏறி நின்று வித்தை செய்யும் ஒடுக்கமான கட்டையான பீம் மூன்று உயரத்தில் இருக்கிறது. போட்டியில் வைக்கும் பீம் 10 சென்டிமீட்டர் அகலம், 125 சென்டிமீட்டர் உயரம். அதில் எடுத்த எடுப்பில் ஏற்றிவிடாமல், தரையோடு கிடக்கும் பீம், அப்புறம் முழங்கால் உயரம், அதிலும் நிலையாக நின்றால்தான் பெரியது.

இதற்கெல்லாம் மேலே நான் மதிப்பெண் போடுவது வேறு ஒன்றுக்கு: பிள்ளை 'பயமா இருக்கு' என்றாலோ 'வலிக்குது' என்றாலோ அங்கே என்ன நடக்கிறது?

தீபாவளிக்கு அப்புறம் ஒரு நாள், பெரிய பீமில் பேக் வாக்ஓவர் (பின்னால் வளைந்து கையூன்றிக் காலைத் தூக்கிப் போட்டு எழுவது) ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று மாட்டேன் என்று நின்றுவிட்டாள். விழவில்லை, அடிபடவில்லை, கேட்டால் தெரியாது என்கிறாள். மாஸ்டர் "சரி, கீழ வா" என்று தரை பீமுக்கு இறக்கிவிட்டார், வாரக்கணக்கில் அங்கேயேதான். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் அணி இறுதிப் போட்டியின் நடுவில் விலகினாரே, காற்றில் சுழலும்போது உடம்பு எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை என்று. இவளுக்கு வந்தது அந்த அளவு இல்லை, வெறும் பயம், ஆனால் இரண்டுமே அதட்டிச் சரிசெய்கிற விஷயம் இல்லை. வீட்டுக்காரர்தான் பொறுமை போய், "என்ன மாஸ்டர், முன்னாடி செஞ்சதையே மறுபடி முதல்லேர்ந்து செய்யறா" என்று கேட்டுவிட்டார். "சார், சர்வதேச சீனியர் பிரிவுக்குப் போகணும்னாலே அந்த வருஷத்துக்குள்ள பதினாறு வயசு ஆகணும். இவளுக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார் மாஸ்டர். அதோடு வீட்டில் அந்தப் பேச்சு நின்றது.

சுவரில் நம் நாட்டு ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகர் படம் மாட்டியிருக்கிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் ப்ரொடுனோவா வால்ட் (ஓடிவந்து மேசையில் கையூன்றி எகிறி, காற்றில் இரண்டு முறை முன்பக்கம் குட்டிக்கரணம் போட்டு இறங்குகிற ஆபத்தான வித்தை) செய்து 15.066 வாங்கி, வெறும் 0.15 புள்ளியில் வெண்கலத்தை விட்டு நான்காவதாக வந்தவர். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வரும் வாண்டுகள் எல்லாம் ப்ரொடுனோவா கற்றுக்கொடு என்று நச்சரிக்கின்றன. இவர்களோ இன்னும் மெத்தை அடுக்கின் மேல் ஹேண்ட்ஸ்டாண்டுக்கு ஏறி முதுகு தட்டையாக விழுவதைத் தாண்டவில்லை, மாஸ்டரும் தாண்டவிடவில்லை.

வலி விஷயத்திலும் அப்படித்தான். ஜிம்னாஸ்டிக்ஸில் உடம்பு பாரம் முழுக்கக் கையில் இறங்குகிறது, இந்த வயதில் மணிக்கட்டு எலும்பு நுனியில் வளரும் பகுதி இன்னும் குருத்தாகத்தான் இருக்கும், தொடர்ந்து அழுத்தம் விழுந்தால் அது பாதிக்கப்படும். மணிக்கட்டு வலி என்று அவள் சொன்ன அன்றே பார்ஸையும் வால்ட்டையும் நிறுத்தி, டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான் மறுபடி என்று சொல்லிவிட்டார்கள், அதுவரை வயிற்றுக்கும் காலுக்குமான பயிற்சி மட்டும். இதற்கு முன்னால் நாங்கள் பார்த்த இன்னொரு சென்டரில் 'வலி இல்லாம மெடல் வராதும்மா' என்றார்கள். அங்கே சேர்க்கவில்லை.

இனி குறைகள். உதவிக் கோச் ஒருவர் மற்ற பிள்ளைகள் முன்னாலேயே "தொப்பை தெரியுது பாரு, சாதத்தைக் குறை" என்று சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி இவள் தயிர்சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டாள், ஒன்பது வயதுப் பிள்ளை! வளரும் வயதில் இவ்வளவு பயிற்சியும் செய்து சாப்பாட்டையும் குறைத்தால் எலும்பு பலவீனமாகும், பின்னால் மாதவிடாயும் தள்ளிப்போகும். மறுநாளே போய்ச் சத்தம் போட்டேன். மாஸ்டர் மன்னிப்புக் கேட்டார், அந்த ஆளிடமும் பேசினார், அப்புறம் அப்படி நடக்கவில்லை. ஆனால் எடையைப் பற்றிப் பிள்ளைகளிடம் யாரும் பேசக்கூடாது என்று விதியாகவே எழுதி ஒட்டுங்கள் என்றால், பார்க்கலாம் மேடம் என்கிறார்.

பெரிய குறை கதவு. சாதாரண பேட்ச்சுக்குத் திறந்திருக்கும் கதவு, போட்டி பேட்ச்சுக்கு மூடிவிடும். பீமில் நிற்கும் பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்தால் கவனம் சிதறும் என்கிறார்கள், அது உண்மையும்கூட, இவள் என்னைப் பார்த்தாலே தடுமாறுகிறாள். அதற்காக முழுக்க மூட வேண்டுமா? அமெரிக்க அணியின் பயிற்சி நடந்த டெக்சஸ் காரோலி பண்ணையில் பெற்றோருக்கு அனுமதி கிடையாது, அங்கே போய்வந்த அணி மருத்துவர் லாரி நாசர் சிறுமிகளை வருஷக்கணக்கில் பாலியல் கொடுமை செய்தது 2018-ல் நீதிமன்றத்தில் அவர்கள் வாயாலேயே வெளிவந்தது. இங்கே யார் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் பார்க்க முடிகிற இடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் கண்ணில் படாத பின்சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்தால் முடிந்தது. நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டதில் இப்போதைக்குக் கடைசி அரை மணி நேரம் மட்டும் திறக்கிறார்கள்.

மாதம் நாலாயிரத்துக்கு மேல் ஆகிறது, போட்டிக்கான உடை, பயணம், நுழைவுக் கட்டணம் எல்லாம் தனி. ஐந்துக்கு மூன்றரை. ஜன்னல் வந்தால் நாலரை போடுகிறேன். சேர்க்கும் எண்ணம் இருந்தால் சனிக்கிழமை டிரையல் வகுப்புக்குப் போங்கள், அன்று கதவு திறந்திருக்கும். வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிடுங்கள், சந்துக்குள் திருப்ப முடியாது.