குரூப்பில் மல்லுக்கட்டுவதா, வாயை மூடிக்கொள்வதா, நேரில் போய் உட்கார்வதா?

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதத்திலிருந்து 15 வயதுக்குள் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி, பள்ளியிலேயே வந்து போடுவார்கள். கூடவே வாட்ஸ்அப்பில் வதந்தியும் கிளம்பி ஊரெல்லாம் சுற்றியது. எங்கள் அண்ணி அதில் ஒன்றை, ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் என்பதை, குடும்பக் குரூப்பில் போட்டு, 'பாப்பாவை அன்னைக்கு ஸ்கூலுக்கு அனுப்பப் போறதில்ல' என்று எழுதிவிட்டார்.

நான் முதலில் செய்தது குரூப்பிலேயே பதில் எழுதியது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயம் 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் டாக்டர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையால் பரவியது, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது, தட்டம்மை ஊசி நம் நாட்டில் 1985-இலிருந்தே போடுகிறார்கள், இப்படி மூச்சுவிடாமல் ஏழெட்டு மெசேஜ். ஒன்றும் தப்பில்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் முப்பது சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணி எப்படி இறங்கிவருவார்? சித்தப்பா கைதட்டும் பொம்மை போட்டார், அண்ணன் குரூப்பை விட்டே வெளியேறினார். ஒரே லாபம், அதுவரை வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருந்த மாமா மகள் தனியாக எனக்கு ஒரு சந்தேகம் கேட்டு அனுப்பினாள். வேடிக்கை பார்ப்பவர்களுக்காக எழுதுவதென்றால் இந்த வழி மோசமில்லை. அப்போதும் ஆளைக் குறிவைக்காமல் இரண்டே வரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் அப்போது கிடையாது.

சும்மா இருந்துவிடுவது இரண்டாவது வழி. துக்க வீட்டில், கல்யாணப் பந்தியில் அதுதான் சரி. இங்கே முடியாது, ஏனென்றால் தட்டம்மை வந்த ஒருவரிடமிருந்து தடுப்பில்லாத 12 முதல் 18 பேருக்குப் பரவலாம்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போனேன். அண்ணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கைக்கு வேலை இருந்தால் முகத்தையே பார்த்துப் பேசும் சங்கடம் இல்லை. முதலில் குரூப்பில் அப்படி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "எதுக்குண்ணி பயமா இருக்கு?" என்றேன். "ஒன்றரை வயசுல ஊசி போட்டுட்டு வந்த அன்னைக்கு ராத்திரி காய்ச்சல்ல வலிப்பு வந்துச்சே, நீங்க யாராவது கூட இருந்தீங்களா?" என்றார், கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. வேக்ஃபீல்டாவது லான்செட்டாவது! நான் கொட்டியதில் ஒரு வரிகூட அந்த ராத்திரியைத் தொடவில்லை.

இப்படிக் கேட்டுப் பேசுவதற்கு முறையான பயிற்சியே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுப்பவர்களோடு பேசுவதற்காக வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1980-களில் வகுத்தது. கனடாவின் கியூபெக்கில் பிரசவ வார்டுகளில் தாய்மாரிடம் தடுப்பூசி பற்றிப் பேச அதையே பயன்படுத்தினார்கள். முதலில் கேட்க வேண்டும், கேட்டதை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும், 'நான் ஒண்ணு சொல்லட்டுமா?' என்று அனுமதி வாங்கிக்கொண்ட பிறகுதான் நம் தகவலை எடுக்க வேண்டும்.

இதிலும் குறை உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு ஞாயிறு போய்விடும், முப்பது பேரிடம் இப்படிப் போக முடியாது. நம்மை மதிக்கவே தயாரில்லாத ஆளிடம் இந்தப் பொறுமையைச் செலவழிக்கவும் நான் சொல்லமாட்டேன், அங்கே இரண்டாவது வழிதான். ஆனால் நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டிய சொந்தம் என்றால் எனக்கு மூன்றாவதுதான்.

அன்றைக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்போ பாப்பாவைப் பார்த்த டாக்டரையே போய்க் கேட்போமா?" போனோம், அண்ணிதான் எல்லாவற்றையும் கேட்டார், நான் வெளியே பெஞ்சில் பாப்பாவோடு இருந்தேன். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "போட்டுக்கலாம். ஆனா ஸ்கூல்ல வேணாம், என் மடியில வச்சுத்தான்" என்றார்.