நெட்ஹேக், கிரால், புரோக்: முதல் வெற்றிக்கு எது தோது?

நெட்ஹேக் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தில் ஒருவழியாக ஜெயித்த மறுநாள் பாம்பனில் இருக்கும் மச்சினனிடம் விஷயத்தைச் சொன்னேன். பாராட்டெல்லாம் இல்லை. "சரி மச்சான், நான் ஆரம்பிச்சா அதுலயே ஆரம்பிக்கவா, இல்ல வேற இருக்கா?" என்று நேராகக் கேட்டான். வேறும் இருக்கிறது. நெட்ஹேக், டஞ்சன் கிரால் ஸ்டோன் சூப், புரோக். மூன்றும் இலவசம், மூன்றும் ஒரே வம்சம், மூன்றிலும் ஜெயிக்காமலேயே சலித்து விட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் தோற்கிற விதம் ஒன்றுக்கொன்று ஒட்டாது. எதை எடுப்பது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வம்சத்தின் பாட்டன் 1980-இல் வந்த ரோக். கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற இரண்டு மாணவர்கள் எழுதியது. எழுத்துகளாலும் குறிகளாலும் வரைந்த நிலவறை. அதில் @ குறிதான் நீங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புது வரைபடம். நீங்கள் ஓர் அடி வைத்தால்தான் எதிரி ஓர் அடி வைப்பான். நீங்கள் டீ குடிக்கப் போனால் உலகமே நிற்கும். செத்தால் செத்ததுதான், சேவ் ஃபைலும் சேர்ந்தே போய்விடும்.

இந்த வகை ஆட்டம் நம் கரைக்குத் தோதானது என்பது என் கட்சி. மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக் கணக்கு பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். அந்த நாட்களில் கணக்கு நோட்டிலும் வேலை சொற்பம். கையில் இருப்பது பழைய லேப்டாப். கிராபிக்ஸ் கார்டு கேட்கிற ஆட்டம் எதுவும் அதில் ஓடாது, இந்த மூன்றும் ஓடுகின்றன. நடுவில் கரண்டு போய் பேட்டரியும் கைவிட்டால்? நெட்ஹேக்கோடு 'ரெக்கவர்' என்று ஒரு சின்ன புரோகிராம் வருகிறது. கடைசியாகத் தளம் மாறிய இடம் வரை ஆட்டத்தை மீட்டுத் தரும். கிராலை பிரவுசரில், சர்வரில் ஆடினால் நெட் அறுந்தாலும் உங்கள் ஆள் நின்ற இடத்திலேயே நிற்பான். ஒன்றே ஒன்று: காற்று மழை நாளில் நெட் திக்கும்போது, அழுத்திய கீ வேலை செய்யவில்லையே என்று மறுபடி மறுபடி தட்டக் கூடாது. எல்லாம் வரிசையில் நின்று மொத்தமாகப் போய்ச் சேரும். திரை தெளியும்போது ஆர்க் என்ற அரக்கர் கூட்டத்தின் நடுவில் நிற்பீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். எதனால் சாகிறோம்?

நெட்ஹேக்கில் பெரும்பாலும் தெரியாமையால். பழைய ஹேக் ஆட்டத்தை எடுத்து மைக் ஸ்டீஃபன்சனும் கூட்டாளிகளும் வளர்த்து 1987-இல் வெளியிட்டது இது. அன்றிலிருந்து அதில் ஆளாளுக்கு எதையாவது சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். நீல நிறத்தில் மிதக்கும் கண் ஒன்று வரும். பாவம், அது உங்களை ஒன்றுமே செய்யாது. நீங்கள் போய் அதை வாளால் வெட்டினால், நூறு டர்னுக்கு மேல்கூட அசைய முடியாமல் நின்றுவிடுவீர்கள்; வழியில் போகிற எலி வந்து நிதானமாகக் கடித்தே கொன்றுவிடும். காக்கட்ரைஸ் என்று ஒரு பிராணி. வெறுங்கையால் தொட்டால் அங்கேயே கல்லாகிவிடுவீர்கள். கையுறை போட்டுக்கொண்டு அதன் பிணத்தைத் தூக்கினால் அதுவே ஆயுதம், அடிபட்டவன் கல்லாவான். சரி, பிணத்தைக் கையில் பிடித்தபடி, அளவுக்கு மீறிய சுமையோடு படியிறங்கினால்? தடுக்கி விழுந்து, பிணம் உங்கள் மேலேயே பட்டு, நீங்கள் கல். இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள், படுபாவிகள்.

கம்ப்யூட்டரில் ஓடுகிற தேதியைக்கூட அது பார்க்கும். பௌர்ணமியன்று ஆடினால் அதிர்ஷ்டம் ஒரு புள்ளி கூடுதல். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக அமைந்தால் அதிர்ஷ்டம் குறையும். அன்றைக்கு உயிர் போகிற நேரத்தில் பிரார்த்தனை செய்தாலும் நம்ப முடியாது. அமாவாசையன்று ஆட்டத்தைத் திறந்ததும் ஜாக்கிரதை என்று எச்சரிக்கும். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் நிற்கிற அன்று, லேப்டாப்பும் அமாவாசை பார்ப்பதில் எனக்கு அலாதி சந்தோஷம்.

இத்தனையையும் சொந்தமாகச் செத்துச் செத்துக் கற்க ஓர் ஆயுள் போதாது. ஆடுகிறவர்கள் சேர்ந்து எழுதி வைத்திருக்கிற நெட்ஹேக் விக்கியைப் படியுங்கள், வெட்கமே வேண்டாம். படிக்காமல் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு.

கிரால் இதற்கு நேர் எதிர். லின்லி ஹென்செல் 1997-இல் வெளியிட்ட ஆட்டத்தை 2006 முதல் ஸ்டோன் சூப் என்ற பெயரில் ஒரு குழு நடத்திவருகிறது. அவர்களுக்கு இரண்டு விஷயம் பிடிக்காது: ஆடுகிறவரிடம் எதையும் மறைப்பது, ஆடுகிறவரைச் சலிக்க வைப்பது. எதிரியின் மேல் கர்சரை வைத்து விவரம் கேட்டால், நீங்கள் அவனை அடிக்க எத்தனை சதவீத வாய்ப்பு, அவன் அடித்தால் எவ்வளவு வலிக்கும் என்று எழுதிக் காட்டிவிடும். ஒரே கீயில் தளம் முழுக்கத் தானாகச் சுற்றிப் பார்த்துவிடலாம். சாப்பாட்டுத் தொல்லையை 2021-இல் வந்த 0.26 பதிப்பில் தூக்கியே எறிந்துவிட்டார்கள். நெட்ஹேக்கில் பசியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

அப்படியானால் ஏன் சாகிறோம்? நின்று சண்டை போடுவதால். முதல் சில தளங்களிலேயே சிக்மண்ட் என்றொரு கிழவன் வருவான். கையில் நீளமான அரிவாள். குழப்ப மந்திரம் போடுவான், கண்ணுக்கு மறைவான். புது ஆளை இரண்டு மூன்று வெட்டில் முடித்துவிடுவான். அவன் யார், என்ன செய்வான் என்று ஆட்டமே சொல்லிவிடுகிறது. இருந்தாலும், இன்னும் ஒரே ஓர் அடி அடித்தால் விழுந்துவிடுவான் என்று நிற்கிறோம். தப்பிக்க உதவும் மந்திரச் சுருள் பையில் இருக்கும், படிக்காமலேயே சாவோம். பிழைக்கிறவர்கள் அவனைக் கண்டதும் படிக்கட்டுக்குத் திரும்புகிறவர்கள்தான். கூட்டமாக வந்தாலும் இதே வழி: படியேறும்போது உங்களை ஒட்டி நிற்கிறவன் மட்டும்தான் பின்னால் வருவான். மேலே போய் அவனைத் தனியாக முடித்துவிட்டு, மறுபடி இறங்கி அடுத்தவனைக் கூட்டி வரலாம். கிராலில் ஜெயிக்கப் பாதி வித்தை இது.

நம் ஊர்க்காரர்களுக்கென்று கிராலில் ஒரு பகுதி உண்டு: ஷோல்ஸ். கடலோர நிலவறை. அலை ஏறும், வற்றும்; சற்று முன் நடந்த மணல் அடுத்த நிமிடம் ஆழமாகி வழி மறிக்கும். பாக் நீரிணையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைத் தொடாது, ஷோல்ஸின் கடலுக்கு அதைவிடப் பேராசை. நீந்தத் தெரிந்த கடல்வாசிகள் தண்ணீரில் நின்றுகொண்டு ஈட்டி எறிவார்கள். எல்லா ஆட்டத்திலும் இது வராது. சில ஆட்டங்களில் இதற்குப் பதில் சதுப்பு நிலம் வரும்.

புரோக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அது சுருக்கமான ஆட்டம். பிரையன் வாக்கர் 2009-இல் வெளியிட்டது, 26 தளம், ஓர் இரவில் முடிந்துவிடும். எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி கிடையாது. பலமெல்லாம் கையில் கிடைக்கும் பொருளிலிருந்து மட்டும். மந்திரமேற்றும் சுருள்களை நாலைந்து பொருளுக்குப் பங்கு வைத்தால் பாதித் தளத்தில் சாவீர்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே கொட்ட வேண்டும். சங்கிலியில் கிடக்கிற கைதியை அவிழ்த்துவிட்டால் கூடவே வந்து சண்டை போடுவான். ஆழமான தண்ணீரில் இறங்கினால் பையிலுள்ள சாமான்கள் நழுவி மிதந்து போகும். தண்ணீருக்குள் விலாங்கு வேறு. சீட் (seed) நம்பர், அதாவது வரைபடத்தை உருவாக்கும் எண், ஒன்றே என்றால் நிலவறையும் ஒன்றே, அதனால் பாம்பனில் ஒருவரும் துபாயில் ஒருவரும் ஒரே குகையில் இறங்கி யார் எங்கே செத்தார் என்று போனில் அடித்துக்கொள்ளலாம். பார்வைக்கும் மூன்றில் இதுதான் அழகு.

முடிக்கிற கட்டத்தில் நெட்ஹேக்தான் பெரியது, எனக்குச் சந்தேகமே இல்லை. கிராலில் ரூன் என்ற மந்திரச் சின்னங்கள் பதினைந்தில் குறைந்தது மூன்றைச் சேர்த்து, ஆட்டத்தின் இலக்கான ஸாட்டின் கோளத்தை எடுத்து, துரத்துகிறவர்களிடமிருந்து தப்பி மேலே ஓடி வர வேண்டும். விறுவிறுப்பு, ஆனால் ஓட்டம்தான். நெட்ஹேக்கில் ஏறத்தாழ ஐம்பது தளம் இறங்கி, ஆட்டத்தின் இலக்கான தாயத்தை எடுத்த பிறகுதான் பாதி வேலையே ஆரம்பம். மேலே ஏறும்போது ஏதோ ஒரு சக்தி திரும்பத் திரும்பக் கீழே தள்ளும். பிறகு மண், காற்று, நெருப்பு, நீர் என நான்கு உலகம். கடைசியில் ஆஸ்ட்ரல் தளம்: மூன்று பலிபீடம், அதில் ஒன்றுதான் நம் தெய்வத்துடையது, கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். தவறான பீடத்தில் தாயத்தை வைத்தால் அத்தனையும் வீண். வழியில் மரணம், பஞ்சம், கொள்ளைநோய் என்று மூன்று பேர். மரணம் தொட்டால், மந்திரத்தடுப்பு இல்லாதவன் உடனே காலி. கோட்டையில் கிடைத்த, கேட்டதைத் தரும் வரக்கோலிடம் நான் முதலில் கேட்டது மந்திரத்தடுப்பு தரும் சாம்பல் டிராகன் கவசம், இந்த ஒரு தொடலுக்காகத்தான். இடதுபக்கப் பீடம் என்னுடையது இல்லை. நடுப்பீடம். தாயத்தை வைத்ததும், நீ அரைத்தெய்வமாக உயர்ந்தாய் என்ற வரி வந்தது.

அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது விக்கி இல்லை. விக்கியைப் பல வருஷமாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் தெரிந்தும் நடுத்தளங்களைத் தாண்டவில்லை. தடை உடைந்தது ஒரு தடைக்காலம் முழுக்கக் கிரால் ஆடியதில். சண்டை தொடங்குமுன் படிக்கட்டு எங்கே என்று பார்க்கிற பழக்கம் அங்கே விரலில் ஏறியது. நெட்ஹேக்கில் சோல்ஜர் எறும்பின் வேகம் 18, உங்கள் வேகம் 12; வெட்டவெளியில் ஓடித் தப்பவே முடியாது. ஓட வேண்டியதில்லாத இடத்தில் முதலிலேயே நிற்க வேண்டும். இதை நெட்ஹேக் எனக்குக் கற்றுத்தரவில்லை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும், வாடைக்கு அப்படியே தலைகீழ். ஒரு கடல் விடாத நாளில் மறு கடலில் தொழில் பார்க்கிறவன்தான் வருஷம் முழுக்கச் சாப்பிடுவான். ஆட்டத்திலும் நான் அதைத்தான் சொல்வேன்.

ஆகவே புதிதாக வருகிறவர் கிராலில் தொடங்கட்டும். காளைத்தலை மினோட்டார் இனம், வெறிகொண்டு சண்டை போடும் பெர்சர்க்கர் தொழில், ட்ரோக் தெய்வம்: மந்திரம் படிக்க வேண்டியதில்லை, முட்டி மோதலாம், ஆபத்தில் துணைக்கு ஆள் அழைக்கலாம். ராத்திரி ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் புரோக். நெட்ஹேக்கில் வருஷக்கணக்காக முட்டிக்கொண்டிருப்பவர் விக்கியை மூடிவிட்டுக் கொஞ்ச நாள் கிரால் பக்கம் போய்விட்டு வரட்டும்.

நெட்ஹேக்குக்குத் திரும்பி வரும்போது, எந்த வீரராக ஆடுவது, வால்கிரியா சாமுராயா என்ற பழைய சண்டை வரும். சாமுராயின் கட்டானா வாளும் வில்லும் ஆரம்பத்தில் வேகம், மறுக்கவில்லை. என் ஓட்டு குள்ளர் இன வால்கிரிக்கு. குளிர் தாக்காது, நடை ஓசை கேட்காது, சுரங்கத்துக் குள்ளர்கள் பெரும்பாலும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஐந்தாம் நிலை வந்ததும் நீள்வாளை நீரூற்றில் முக்கிக்கொண்டே இருந்தால் எக்ஸ்காலிபர் என்ற மாயவாள் கிடைக்கும். சில சமயம் அதற்கு முன்னால் தண்ணீர்ப் பாம்புகள் கூட்டமாக வரும், அதனால் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊற்றாகப் பார்த்து முக்குங்கள்.